அப்பா போட்ட தப்புக் கணக்கு

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டை அப்பாவே திரும்ப வாங்கிக்கொண்டார். "என் கணக்குல தப்பு" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டாராம்.

முப்பது வருஷ சர்வீஸ். கடலுக்கு அடியில் போகிற எண்ணெய்க் குழாய்க்குக் கணக்குப் போடுவதுதான் வேலை. சில இடத்தில் கீழே மண் அரித்துப்போய்க் குழாய் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற நீளத்தை வைத்து, அது செகண்டுக்கு எத்தனை தடவை அதிரும் என்று பார்க்கணும். நீரோட்டம் உலுக்குகிற வேகமும் அதுவும் ஒத்துப்போனால் போச்சு, குழாய் ஆடி ஆடியே உடைந்துவிடும்.

போன மாசம் "பயமில்லை" என்று எழுதியவர், இப்போது டைவர் இறங்கிக் குழாய்க்கு அடியில் மணல் மூட்டை அடுக்கியே ஆகணும் என்கிறார்.

அந்த டைவர் என் வீட்டுக்காரர். எனக்கு ஒன்பதாம் மாசம். கடலோ கொந்தளிக்கிற நேரம்.

நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். மேஜை முழுக்கப் பேப்பர்.

"உங்க தப்புக்கு அவர் ஏம்ப்பா உயிரைப் பணயம் வைக்கணும்? வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க."

"அவர்தான்மா போகணும்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எனக்கு வந்ததே கோபம். வாய்க்கு வந்தபடி பேசினேன். வரவேண்டிய சீஃப் பதவி இதனால் கைவிட்டுப் போனதைக்கூடக் குத்திக்காட்டினேன். குழந்தை பிறந்தால் பார்க்க வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் கப்பலிலிருந்து போன். வேலை முடிந்து நல்லபடியாக மேலே வந்தாச்சு என்றார் அவர். அழுதேன். அழுதுகொண்டே அப்பாவைத் திட்டித் தீர்த்தேன்.

அவர் என்னை நடுவிலேயே நிறுத்தினார்.

"மாமா கணக்குல தப்பே இல்லை" என்றார். "நீளத்தை அளந்து கொடுத்தது நான். அன்னைக்குத் தண்ணி கலங்கி ஒண்ணும் தெரியல. மறுமுனை வரைக்கும் போகப் பயந்து, இருபது மீட்டர்னு குத்துமதிப்பா எழுதிட்டேன். இன்னைக்கு ஒழுங்கா அளந்தா முப்பத்தஞ்சு. ரிப்போர்ட் போனப்புறமே மனசு கேக்காம மாமாகிட்ட மட்டும் சொல்லிட்டேன். வேற டைவர் இறங்கி அளந்தா வெளியே தெரிஞ்சு என் லைசென்ஸ் போயிடும்னு என்னையே அனுப்பிட்டு, பழியை அவர் ஏத்துக்கிட்டார்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"மாமாதான் வேண்டாம்னார். 'எம்மேல கோபப்பட்டா என்னைக்காவது தணிஞ்சிடுவா. உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா அது திரும்ப வராது மாப்பிள்ளை'ன்னார்."