இரண்டு மில்லிமீட்டர்

சியோலில், தோலுக்கடியில் நூல் கோத்து இழுக்கும் சிகிச்சையால் தொங்கிய கன்னங்களைத் தூக்கிக்கொண்ட மல்சுன், ஒரு மாதம் கழித்து அளவெடுக்கக் கணவர் தல்சூவோடு வந்திருந்தாள்.

"கன்னம் சராசரியா ரெண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கும்மா," என்றார் டாக்டர் பியோன்.

"என் பொண்ணுக்கே தெரியலையே டாக்டர்!"

"கேமராவுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாது."

"இவர் மட்டும் கண்டுபிடிச்சிட்டார். இந்த வயசுல எதுக்குடின்னு திட்டுவாரோன்னு பயந்து, சொல்லாமதான் செஞ்சுக்கிட்டேன். வீக்கம் வடிஞ்ச அன்னிக்கே பிடிச்சிட்டார்."

"திட்டினாரா?"

"'நல்லாத்தான் இருக்கு, இடது பக்கம் கொஞ்சம் கூட ஏறியிருக்கு'ன்னு சிரிச்சார்."

டாக்டர் திரையைப் பார்த்தார். இடப்பக்கம் அரை மில்லிமீட்டர் அதிகம்தான்.

"அபாரமான பார்வை ஐயா உங்களுக்கு!"

தல்சூ கை நீட்டி, மனைவியின் கன்னத்தை மெல்லத் தடவினார்.

"பார்வை போய் முப்பது வருஷமாச்சு டாக்டர். இவ முகத்தை விரலாலதான் பார்க்கிறேன்."