வெளிர் ரோஸ்

மை குழைக்கும் கத்தியைத் தூக்கிப் பார்த்தார். மை நூலாக இறங்காமல் சொட்டாக விழுந்தது.

தளர்ந்துவிட்டது.

வெளிர் நிறம் எப்போதும் இப்படித்தான் உயிரை வாங்கும். கறுப்பு என்றால் டப்பாவிலிருந்து எடுத்துத் தடவிவிட்டுப் போகலாம். ரோஸுக்கு முதலில் வெள்ளை. அதில் தீக்குச்சி முனையளவு சிவப்பு. வெள்ளை கெட்டி, காகிதத்தைப் பிய்த்துவிடும் என்று எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டு விழுந்தால் எழுத்தின் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

அவருக்கு இரண்டு விழுந்துவிட்டது. அனுபவசாலி என்று பெயர் வேறு.

சோதனைக்குப் போட்ட இரண்டு கார்டிலும் பெரிய எழுத்து தப்பித்தது, சின்ன எழுத்து அப்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்துக் குழைத்தார். அச்சு மெஷினின் வட்டத் தட்டில் தடவி ரோலரை ஓடவிட்டார். சளசளப்பு அடங்கியது.

மூன்றாவது கார்டு.

சின்ன எழுத்து வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மை பார்க்கிறவன் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதில்லை. சுழி திறந்திருக்கிறதா, புள்ளி தனியாக நிற்கிறதா, அவ்வளவுதான்.

அ. சுழி திறந்திருந்தது.

ம. சுத்தம்.

ர. ர். புள்ளி தனியாக நின்றது.

பொ. ன். னு. த்.

துரை.

அமரர் பொன்னுத்துரை.

அது அவர் பெயர்.

அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் திருமதி மரகதவடிவு என்று இருந்தது. கீழே கோவில்பட்டி, அவர் தெரு, அவர் வீட்டு எண். மேலே, இத்தனை நேரமும் மைக்காக மட்டும் பார்த்த பெரிய எழுத்தில், மணமகள் செவ்வந்தி.

காலையில் முகம் மழித்து, நாலு இட்லி தின்றுவிட்டு வந்த ஆள் அவர்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் வீட்டை விட்டு பஸ் ஏறினார். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் விருதுநகரில் இறங்கினார். அப்புறம் போக முகமில்லை. மகள் கல்யாணத்துக்காவது போய் ஓரமாக நிற்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

இனி எந்த முகத்தோடு போய் நிற்பது? செத்தவன் பந்தியில் உட்கார முடியுமா?

"மேட்டர்ல உள்ளபடிதான் கம்போஸ் பண்ணேன்ணே," என்றாள் எழுத்துக் கோக்கும் ஜெசிந்தா, கார்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து. "தப்பா இருக்கா?"

கோவில்பட்டிக் கார்டுக் கடை அச்சுக்கு அனுப்பிய மேட்டர் தாளை அவள் கையிலிருந்து வாங்கினார்.

மரகதவடிவின் வேலைதான். வேறு யார்? அவளுக்குக் கோபம் இருக்கும். அவள் எழுதியிருந்தால் அதில் நியாயமும் இருக்கிறது. எழுதட்டும்.

தாள் முழுக்க அவள் கையெழுத்துதான். இடப்பக்கம் சாய்ந்த அதே எழுத்து.

அவர் பெயர் வந்த இடத்தில் அவள் 'திரு. பொன்னுத்துரை' என்றுதான் எழுதியிருந்தாள்.

'திரு'வை யாரோ அடித்திருந்தார்கள். மேலே வேறு பேனாவில், வேறு கையில், 'அமரர்'.

உருண்டையான, அழுத்தமான எழுத்து. அந்தக் கையெழுத்தை அவர் பார்த்ததே இல்லை.

அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கார்டுக் கடையில் கண்டிப்பு. போட்டிருந்தது.

பொ. செவ்வந்தி.

அவர் பஸ் ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. சிலேட்டில் கோடு கிழிப்பாள்.

"மாத்தணுமாண்ணே?"

அவர் விரலை அந்தக் கையெழுத்தின் முதல் எழுத்து 'பொ'வின் கீழ் வைத்திருந்தார். அதை மட்டும் அவள் அடிக்காமல் விட்டிருந்தாள்.