பாதி மீசை

"அது எதுக்கு சார் உங்களுக்கு? மூலையெல்லாம் மடங்கி, மூஞ்சியில பேனாவால மீசை வேற. கால் காசு பெறாது" என்று சிரித்தாள் மேசைக்குப் பின்னால் நின்று விற்றுக்கொண்டிருந்த ஜோலீன்.

கிழவர் வெண்டல் கையிலிருந்த கார்டைக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம் முழுக்க மேசை போட்டு, ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளைப் பரப்பியிருந்தார்கள். கண்ணாடிக்குள் பூட்டி வைத்த உசத்தியான கார்டுகளை விட்டுவிட்டு, கழித்துப் போட்ட கார்டுகள் கிடந்த ஷூ பெட்டிக்குள் கையை விட்ட கிழவருக்கு இது அகப்பட்டிருந்தது.

"இதே ஆட்டக்காரர் மடங்காம மசங்காம இருந்தா ஒரு காரே வாங்கலாம். எந்தப் பயலோ கிறுக்கிக் கெடுத்துட்டான்."

கிறுக்கியவன் லைல், வெண்டலின் தம்பி.

அப்போதெல்லாம் சூயிங்கம் பாக்கெட்டோடு கார்டு வரும். கம்மை வாயில் போட்டுக்கொண்டு, கார்டில் ஒட்டிய இனிப்பு மாவை ஊதிவிட்டு, வந்திருப்பது யார் என்று பார்ப்பார்கள். வேண்டாதவர் கார்டைச் சைக்கிள் சக்கரத்தில் செருகினால் தெருவே படபடக்கும். இந்த இடதுகைப் பந்துவீச்சாளருக்கோ ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் அலைந்தார்கள். பதினோரு வயது வெண்டல் தன்னிடமிருந்த கார்டுகளில் ஒரு கட்டு முழுவதையும் கொடுத்து மாற்றி வாங்கினான்.

மறுநாளே லைல் பேனாவை எடுத்துவிட்டான். வலது பக்கம் சுருண்டு, இடது பக்கம் பாதியில் நின்றுபோன மீசை. பாதியில் நின்றதற்குக் காரணம், வெண்டல் அவன் பிடரியைப் பிடித்து இழுத்ததுதான். அன்று விழுந்த அடியில் லைலின் உதடு கிழிந்தது.

அந்த வசந்தத்திலேயே லைல் போய்விட்டான். போன அன்று வெண்டல்தான் இந்தக் கார்டைத் தம்பியின் சட்டைப் பையில் வைத்து, "நீயே வெச்சுக்கடா" என்றான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் லைலைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கோடை முடிவதற்குள் ஊரையே விட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"இது உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?" என்று கேட்டார் வெண்டல்.

"எல்லாம் எங்க அப்பா சேர்த்தது சார். போன மாசம்தான் தவறிட்டார்."

"உங்களுக்கு எந்த ஊரு?"

"லார்க்டன்."

வெண்டல் விட்டுவந்த ஊர். அவர் கார்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அப்பா இதைக் கடையில வாங்கினாரா?"

"அவரா? நல்லா வாங்கினார்! ஒரு கார்டுகூட காசு கொடுத்து வாங்கினதில்ல. கேட்டா, 'பசங்க விட்டுட்டுப் போனது'ன்னு சொல்வார்."

"பசங்க... உங்க வீட்டுக்கு வருவாங்களா?"

"எப்பவாவது வருவாங்க" என்றாள் ஜோலீன், கார்டுகளை அடுக்கியபடி. "வந்தா அன்னிக்கு அப்பா முகமே சரியிருக்காது. கீழ் அறைக் கதவைச் சாத்திக்கிட்டார்னா வெளிய வரவே மாட்டார். சாப்பாடும் இறங்காது. எங்களை அந்தப் படிக்கட்டுப் பக்கமே விட்டதில்ல."

வெண்டல் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

சாகும்வரை அம்மா ஒன்றையே சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "தனியா இருந்தாலும் அவன்கிட்ட நீ கொடுத்த கார்டு இருக்குடா." பக்கத்தில் உட்கார்ந்து வெண்டலும் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

"என்ன சார், இப்படி வேர்க்குது? உட்காருங்க. தண்ணி கொண்டாரட்டுமா?" ஜோலீன் பதறி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தக் கார்டுதான் வேணும்னா சும்மாவே எடுத்துக்குங்க. இதுக்குப் போய் நான் காசு வாங்குவேனா?"

நல்ல பெண். எதையும் கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்று வெண்டலுக்கு ஒரு கணம் தோன்றியது. மனசு கேட்கவில்லை.

"உங்க அப்பா என்னம்மா வேலை பார்த்தார்?"

ஜோலீன் முகம் பெருமையில் மலர்ந்தது.

"ஊர்ல யார் செத்தாலும் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பெட்டியில வெச்சு மூடுறது எங்க அப்பாதான் சார்!"