மாறாத பதில்

எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும்; ஆனாலும் உண்மையைச் சொல்லாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

நின்றுபோன கடிகாரம் என்பீர்கள். சரிதான். இன்னொரு விடையும் இருக்கிறது. அது குருவியின் வகுப்பில் கிடைத்தது.

குருவிக்கு ஒன்பது வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வலது கால் மடங்காது. கம்பி வைத்த பட்டையோடுதான் பள்ளிக்கு வருகிறாள்.

தலைமையாசிரியை கூப்பிட்டார் என்று, மருந்துக்கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் அம்மா ஓடிவந்தாள். அறையில் ஓர் ஆய்வு மாணவனும் இருந்தான். பிள்ளைகளின் நட்பைப் பற்றி ஆராய்கிறவன்.

"யார் பக்கத்துல உட்கார மாட்டேன்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேட்டேங்க. எல்லாரும் உங்க பொண்ணைத்தான் சொன்னாங்க."

"ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும்ங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு மாசம் விட்டு மறுபடி கேட்டேன். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல."

"ஏன்னு கேட்டீங்களா?"

"அந்தக் கேள்வி என் ஆய்வுல இல்லீங்க."

தலைமையாசிரியை தணிந்த குரலில் சொன்னார். "நானும் பார்த்தேம்மா. அந்த பெஞ்சுல அவ மட்டும்தான். பக்கத்து வகுப்புக்கு மாத்திடலாமா? குழந்தை மனசு ஒடிஞ்சிடக் கூடாதில்ல?"

அம்மா விறுவிறுவென்று வகுப்புக்கு நடந்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

குருவி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவள் பெஞ்சு காலி. அடுத்த பெஞ்சில் மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர் அடைந்து கிடந்தார்கள். ஓரத்தில் இருந்தவளுக்குப் பாதி உடம்பு அந்தரத்தில்.

"ஏம்மா, என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தா என்ன, ஒட்டிக்குமா?"

ஓயாத பேச்சால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய அந்த ஓரத்துப் பெண்தான் எழுந்தாள். மற்ற நால்வருக்கும் மூச்சு வந்தது.

"கத்தாதீங்க ஆன்ட்டி, அவ வந்துடப்போறா. நாங்க உட்கார்ந்துட்டா அவ காலை எங்கே நீட்டுவா?"

அம்மா திரும்பிக் காலி பெஞ்சைப் பார்த்தாள்.

"கீழே வெச்சா வலிக்கும்ல? ஆனா எங்களைப் பார்த்தா, வலிக்கல, வாங்கடின்னு பொய் சொல்லுவா. அதான் அந்தப் பக்கம் ஆணி குத்துது, பட்டை போட்ட உன் காலுக்குக் குத்தாதுன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கோம்."

"இதை இவர்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஊர்க்கதையெல்லாம் பேசறே!" என்றார் தலைமையாசிரியை.

"யாருன்னுதானே கேட்டாரு, மிஸ்? ஏன்னு கேட்கவே இல்லையே!"

ஆய்வு மாணவனுக்குக் காதுமடல் சிவந்தது.

அம்மா காலி பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ரேடியோவின் கன்னத்தைத் தடவிவிட்டு, அந்த பெஞ்சில் உட்காரப் போனாள்.

"அங்க உட்காராதேம்மா, ஆணி இருக்கு!" வாசலிலிருந்து குருவி பதறினாள்.

"ஆமாண்டி கண்ணு, இருக்கு." அம்மா எழுந்துகொண்டாள்.

"பக்கத்து வகுப்புக்குப் போறியா, இங்கேயே இருக்கியா?" தலைமையாசிரியை கேட்டுவைத்தார்.

"இங்கேயே" என்று சொல்லிவிட்டு, குருவி காலை பெஞ்சில் நீட்டிக்கொண்டாள்.