அமுங்கிப் போன ஃபோர்க்

"அக்கா, முன்சக்கரத்துக்கு ஷாக் தாங்குற ஃபோர்க்கா இது, பஞ்சு மெத்தையா?" மலைப்பாதை சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தவள், மெக்கானிக் அக்காவிடம் பொரிந்து தள்ளினாள். "சின்னக் கல்லுல ஏறினாலே அடிவரைக்கும் அமுங்குது. நாளைக்கு ரேஸ்! மண்ணைக் கவ்வணுமா நான்?"

"ஓட்டுறவங்க எடைக்குத் தக்கபடி ஃபோர்க்குக்குள்ள காத்தடிக்கணும். உன் எடை எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு. காலையிலதான் வீட்டு மிஷின்ல பார்த்தேன். அதுக்குத்தான் அடிச்சேன். உங்க ஃபோர்க்தான் ஓட்டை!"

அக்கா பம்பை மாற்றிப் பார்த்தாள். ஃபோர்க்கையே மாற்றினாள். சைக்கிள்காரி ஏறி உட்கார்ந்ததும் புதியதும் பொத்தென்று அமுங்கியது.

"ஏமாத்துக் கடை! வாம்மா, போலீஸுக்குப் போலாம்!"

கூட வந்த அம்மா மகளின் காதைக் கடித்தாள். "கத்தாதடி. உன் எடை அறுபத்தெட்டு. அந்த மிஷின் முள்ளை நான்தான் திருகி வெச்சேன்."

"எதுக்கும்மா?"

"எடை குறையலைன்னு உங்கப்பா வாக்கிங்கையே விட்டுட்டார். அதான் வாரம் ஒரு கிலோவா நானே குறைச்சு விட்டேன். இப்ப விசிலடிச்சுக்கிட்டு நடக்கிறார்."

கோபம் போன இடம் தெரியாமல் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அறுபத்தெட்டுக்குக் காற்றடித்ததும் ஃபோர்க் கம்பீரமாக நின்றது.

அப்போது அப்பா போனில் கூப்பிட்டார்.

"அம்மாகிட்டச் சொல்லு, டெய்லர் கடையில இருக்கேன். என் பேண்ட் எல்லாத்தையும் இடுப்புல பிடிக்கக் கொடுத்துட்டேன்!"