கறிவேப்பிலைத் துவக்கு

கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. சற்குணம் குனிந்து எட்டிப் பார்த்தார். வருங்கால மருமகன் யசீகரனின் மேசையில் ஒரு துவக்கு கிடந்தது.

விளையாட்டுச் சாமான் இல்லை, அசல் துப்பாக்கி. பட்டாளத்துச் சட்டை மாதிரி அதற்குப் பச்சையும் மண்ணிறமுமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் யசீகரன்.

முப்பது வருசத்துக்கு முந்திய ஊர் ஆமி செக்பொயிண்ட், ஆக்லண்டின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மரவீட்டுக் கராஜுக்குள் வந்து நிற்கும் என்று சற்குணம் கனவிலும் நினைக்கவில்லை.

"என்ன கோதாரி இது?"

யசீகரன் திடுக்கிட்டு மாஸ்க்கைக் கழற்றினான்.

"வாங்கோ மாமா. சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டியள்..."

போனில் சொல்கிற செய்தியா அது? தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்த்தாயிற்று. அதை நேரில் சொல்லத்தான் மனுசன் பிளாட் புஷ்ஷில் இருக்கிற தன் வீட்டிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து வந்திருந்தார். கையில் பலகாரப் பெட்டி வேறு.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"வேட்டைக்கு மாமா. லைசென்ஸ் இருக்கு. உள்ளுக்க குண்டும் இல்லை."

"வேட்டைக்கு எதுக்கு ஆமிக்காரன்ர கலர்?"

"மிருகங்களின்ர கண்ணில படாமல் இருக்கத்தான். ஒரு பக்கம் முடிஞ்சுது, மற்றப் பக்கம் இருக்கு."

யசீகரன் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். மண்ணிறத்துக்கு மேல் ஓர் இலைக்கொத்தை அழுத்தி வைத்துப் பச்சையை விசிறுவான். கொத்தை எடுத்தால் இலையின் அச்சு அப்படியே விழுந்திருக்கும்.

சற்குணம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போனார்.

"இது கறிவேப்பிலை அல்லோ?"

"ஓம் மாமா. இங்க எல்லாரும் ஃபெர்ன் இலைதான் வைக்கிறவை. இது இன்னும் வடிவா விழுது."

ஆக்லண்ட் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதை விடக் கஷ்டம். சற்குணம் வீட்டுக்குள் சாடியில் வைத்து, ஹீட்டர் போட்டு வளர்க்கிறவர். யாராவது ஒரு கொத்துக் கேட்டால், "அதுக்கு இப்ப உடம்பு சரியில்லை" என்று அனுப்பிவிடுவார். அந்தச் சாடியில் இன்று காலையில்தான் மூன்று கொத்தைக் காணவில்லை.

ஆனால் துவக்குக் கோபம் முன்னுக்கு நின்றதால் இலைக் கோபம் வரிசையில் பின்னுக்குப் போனது.

"தம்பி, நான் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன். என்ர வீட்டுக்குள்ள துவக்கு வராது. துவக்குக்காரனும் வரக்கூடாது."

யசீகரன் எதையோ சொல்ல வாயெடுத்தான். வீட்டுக்குள் போகிற கதவை ஒருதரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பிழை என்னிலதான் மாமா. முதலே சொல்லியிருக்க வேணும்."

"இனிச் சொல்லி என்ன? கலியாணம் இல்லை!"

பலகாரப் பெட்டி திரும்பக் காருக்குள் ஏறியது.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தயாராக இருந்தது. ஆட்டிறைச்சிக் கறி. மகள் கம்சாயினிக்குப் புக்கெகோஹிப் பக்கம் ஒரு பண்ணைக்காரனைத் தெரியுமாம், மாதா மாதம் அங்கிருந்து இறைச்சி வரும். அது வரத் தொடங்கிய பிறகு சற்குணம் கடை இறைச்சியைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

"வாயில்லாச் சீவனைச் சுடுறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு ஓர் எலும்பை உறிஞ்சினார். "ஆ! இறைச்சி எண்டா இது இறைச்சி."

மனைவி சாந்தகுமாரி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. அந்தப் பெடியன் முட்டையும் தொடாது, சுத்த சைவம். போன கிழமை இங்க வந்து பருப்புக் கறியோட மட்டும் சாப்பிட்டதை மறந்திட்டியளோ?"

எலும்பு வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நின்றது.

"அப்ப சைவக்காரனுக்கு என்னத்துக்குத் துவக்கு?"

வாசற்கதவு திறந்தது. கம்சாயினி உள்ளே வந்தாள். பல் டொக்டர். எந்நேரமும் பளிச்சென்று இருக்கிற விரல்களில் இன்றைக்குப் பச்சைப் பெயின்ட். மேசையில் மூன்று கறிவேப்பிலைக் கொத்துகளை வைத்தாள். அவற்றிலும் பெயின்ட்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா. கேட்டால் தரமாட்டியள் எண்டுதான் களவா வெட்டினனான்."

"நீ அங்கயோ நிண்டனீ?"

"கதவுக்குப் பின்னால. வெளியில வரப் பயமா இருந்துது. அவர் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை." அவள் குரல் இறங்கியது. "துவக்கும் என்ர, லைசென்சும் என்ர. பண்ணைக்காரன் எண்டது பொய். நீங்கள் ஒரு வருசமா ருசிச்சுச் சாப்பிடுறது எல்லாம் நான் சுட்ட காட்டாடு அப்பா."

கோபம் வரவேண்டிய இடத்தில் சற்குணத்துக்கு வெட்கம் வந்தது. துவக்குக்காரன் என்று ஏசி விரட்டிய பெடியன், இவளுக்காக ஒரு வார்த்தை பேசாமல் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

கையில் இருந்த எலும்பைப் பார்த்தார். அதைப் போடவும் மனம் வரவில்லை. மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டு எழுந்து கை கழுவினார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த சாடிக்குப் போனார்.

சாந்தகுமாரி வாயைப் பிளந்தாள். மனுசன் வெட்டிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, ஐந்து கொத்து.

"காருக்குள்ள பலகாரப் பெட்டி கிடக்கு, பிள்ளை. இதையும் சேர்த்துக் கொண்டுபோய் மருமகனிட்டக் குடு. துவக்கின்ர மற்றப் பக்கத்துக்கு இலை போதாமல் போயிடும்."