வாழ்த்துக்கு எத்தனை கோப்பை

வெள்ளத்தில் அடித்துப்போக இருந்த குட்டிகளையெல்லாம் கரைசேர்த்த நீர்நாய்க்குப் பாராட்டு விழா எடுப்பதென்று காடு முடிவு செய்தது. எல்லோரும் கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதற்கு நுரை பொங்கும் திராட்சை மது எவ்வளவு வேண்டும் என்று கரடியும் நரியும் கணக்குப் போட உட்கார்ந்தன. நீர்நாயும் பக்கத்தில்தான் இருந்தது.

“என் உடம்புக்கு ஒரு கோப்பை எந்த மூலைக்கு? எனக்கு இரண்டு,” என்றது கரடி.

“கூப்பிடாமல் வருகிறவர்களுக்கும் சேர்த்து வை. போதாமல் போனால் மானம் போய்விடும்,” என்றது நரி.

கைதவறிச் சிந்துவதற்குக்கூட ஒரு பங்கு ஒதுக்கின. அதுவரை பொறுத்துப் பார்த்த நீர்நாய், “எனக்கு?” என்று கேட்டது.

நரி சிரித்தது. “வாழ்த்தே உங்களுக்குத்தானே அம்மா! தன்னை வாழ்த்தித் தானே குடிப்பது நாகரிகமா? நீங்கள் மேடையில் வந்து நின்றால் போதும்.”

நீர்நாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. “தரையில் கொட்டுவதற்கு இருக்கிறது, எனக்கு இல்லையா? உன் குட்டியை இழுத்து வரும்போது நான் நாகரிகம் பார்த்தேனா? நீங்களே மேடையில் நின்று, நீங்களே வாழ்த்திக்கொள்ளுங்கள்!” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆற்றைப் பார்த்து நடந்தது.

“ஐயோ, விழா நாயகியே போகிறாரே!” என்று நரி பதறுவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பக் கூப்பிடுவார்களோ என்று நீர்நாய் கரையில் ஒரு கணம் நின்றது.

“போகட்டும் விடு. நம் கணக்கில் ஒரு சொட்டுகூட மாறவில்லை,” என்றது கரடி.